ஸ்பானர் தொடாத கை

அன்று காலை கொடைக்கானல் நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஆஜரானவர்கள்: சித்தப்பா, சித்தி, ஒர்க்ஷாப் சேவியர் அண்ணன், நான், காரின் முதலாம், இரண்டாம், நாலாம் சிலிண்டர்கள். ஆஜராகாதது மூன்றாம் சிலிண்டர்.

நான் ஆரம்பப் பள்ளி வாத்தியார். வருகைப் பதிவேடு வாசிப்பது போலத்தான் எதையும் எனக்குச் சொல்ல வரும். அன்று நாங்கள் செய்ததும் ஏறக்குறைய அதுதான். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிலிண்டருக்குத் தீப்பொறி கொடுக்கும் பிளக்குகளின் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். கழற்றியதும் இன்ஜின் தடுமாறினால், அந்தச் சிலிண்டர் அதுவரை வேலை செய்துகொண்டிருந்தது என்று அர்த்தம். கழற்றியும் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லையென்றால், அது ஏற்கெனவே செத்துக் கிடக்கிறது. வராத பிள்ளை அதுதான். காரோடு வந்த இங்கிலீஷ் கைப்புத்தகத்தில் அப்படிப் போட்டிருந்தது. வாசித்துச் சொன்னவன் நான். எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். உள்ளதைச் சொன்னால், எதையுமே வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"மூணாவதுதான் அண்ணே. மூணாவதுதான் மிஸ்ஸிங் அடிக்குது" என்றார் சேவியர் அண்ணன், வயரைத் திரும்பச் செருகிவிட்டு.

சித்தப்பா கோட்டுக் கையை முழங்கை வரை சுருட்டினார். "ஒரு கை பாத்துருவோமா?"

"வேணாம்!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினோம்.

சித்தப்பா காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இன்றைக்கும் முதலில் வருவது எரிச்சல்தான். பாசம் பின்னால்தான் வருகிறது, மேடேறும் எங்கள் கார் மாதிரி, திக்கித் திணறி.

அவருடைய கைகளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. குட்டையான மனிதர். காதை மூடிய மப்ளர், முழங்கால் வரை தொங்கும் யாரோ ஒரு துரையின் பழைய கோட்டு. அந்தக் கோட்டிலிருந்து இரண்டு பெரிய கைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், வேறொரு உயரமான ஆளிடம் இரவல் வாங்கியவை போல. எதிரே ஒரு பொருள் இருந்தால் போதும். அது திருகுமா, இழுபடுமா, கழறுமா என்று அந்தக் கைகள் விசாரித்துவிடும். பஸ்ஸில் ஏறினால் முன்சீட்டில் இருப்பவரின் சட்டைக் காலரை மடித்துவிடுவார். கோயிலில் வரிசையில் நின்றால் முன்னால் இருக்கும் அம்மாளின் தேங்காய்க் குடுமியைச் சீராக்கிக் கொடுப்பார். அந்த அம்மாள் முறைப்பாள். "ஒடைக்கச் சுளுவா இருக்கும்த்தா" என்பார்.

பூண்டு நட்ட பத்தாம் நாள் பாத்தியில் இறங்கி, முளை எப்படியிருக்கிறது என்று நாலைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, மறுபடியும் நட்டு வைப்பார். அந்த நாலும் வாடிப்போகும். கேட்டால், "அது எப்படியும் வாடுற பூண்டுதாம்லே. அதனாலதான் அந்த நாலையும் பிடுங்கணும்னு எனக்குத் தோணிருக்கு" என்பார். இதற்கு என்ன பதில் சொல்வது? நான் பத்தாவது வரை படித்து, வாத்தியார் பயிற்சியும் முடித்தவன். பயிற்சியில் இந்தப் பாடம் இல்லை.

என் அப்பா மேல்மலையில் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவர். படிப்புக்காக என்னைத் தம்பி வீட்டில் கொண்டுவந்து விட்டார். எட்டு வருஷம் அந்தக் கைகளுக்குப் பக்கத்தில் வாழ்ந்தேன். பரீட்சை நாளில் "பென்சில் சீவித் தாரேன்" என்று வாங்குவார். கூர்மை போதாது, போதாது என்று சீவிச் சீவி, கடைசியில் பாதி விரல் நீளத்தில் ஒரு துண்டைக் கையில் கொடுப்பார். "இப்ப எழுதிப் பாரு, சும்மா சுருக்குனு இருக்கும்." அந்தத் துண்டை இரண்டு நகங்களால் பிடித்துக்கொண்டு கணக்குப் பரீட்சை எழுதியிருக்கிறேன். தேறியும் இருக்கிறேன். அதையும் அவர் சீவலின் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டார்.

கார் வந்தது ஒரு சித்திரையில். ஊருக்கே திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார அம்மாளிடம் வாங்கியது. கறுப்பு நிறம், உருண்ட முதுகு, வயதான கார். அதன் இன்ஜினில் நாலு பிளக்கும் மேல்பக்கத்தில் நட்டுக்குத்தலாக, வரிசையாக நிற்கும். இரும்பு அடி, வெள்ளைப் பீங்கான் உடம்பு, உச்சியில் வயர். பானெட்டைத் தூக்கினால் முதலில் கண்ணில் படுவது அவைதான்.

"சின்னச் சின்ன லிங்கம் மாதிரி நிக்குதுகள்ல?" என்றார் சித்தப்பா, வாங்கிய அன்றே. சித்தி பயபக்தியாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் கைப்புத்தகத்தின் பொருளடக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தேன்.

கோடை முழுக்கக் கார் ஒழுங்காக ஓடியது. ஐப்பசியில் மூடுபனி இறங்கியதும்தான் அந்த மூன்றாம் சிலிண்டர் மட்டம் போட்டது. சேவியர் அண்ணன் பிளக்கைக் கழற்றி, எண்ணெய்த் துணியால் துடைத்து, தீப்பொறி விழும் நுனியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். புதுப் பிளக் நாலு போட்டார். மூன்று நாள் கார் மணிமணியாக ஓடியது. நாலாம் நாள் மூன்றாவது வந்திருந்தது. முதலாவதைக் காணோம்.

வயர் மாற்றினோம். ஒரு வாரம் தாங்கவில்லை. இந்தமுறை இரண்டும் நாலும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை மாற்றினோம். கண்டன்சரை மாற்றினோம். ஒவ்வொரு முறையும் சேவியர் அண்ணன் பிளக்குகளைக் கழற்றித் துடைத்து மாட்டுவார். உடனே கார் சரியாகிவிடும். மாற்றிய சாமானால்தான் சரியானது என்று நாங்கள் மூன்று நாள் சந்தோஷப்படுவோம். பிறகு ஒரு செவ்வாயோ வெள்ளியோ, பனி மூடிய காலையில், வண்டி மறுபடியும் உடம்பை உதறும்.

"எனக்கு ஒண்ணும் வெளங்கலண்ணே" என்று சேவியர் அண்ணன் தலையில் கை வைத்தார். "வத்தலக்குண்டு வெயில்ல விட்டா குதிர மாதிரி ஓடுது. பெருமாள்மலை தாண்டுனா கழுத மாதிரி ஒக்காந்துருது. ஒருநா மூணு, ஒருநா ஒண்ணு. கெட்டுப்போன சாமான் ஒரே எடத்துலதான கெட்டுக் கெடக்கணும்? இது வீடு மாறி வீடு மாறிப் போகுது."

"அதுக்கும் காலாறணும்ல" என்றார் சித்தப்பா.

"நீங்க ஏதாச்சும் கை வச்சீங்களா?"

சித்தப்பா பனியைப் பார்த்தார்.

வைத்திருந்தார். பிளக்கின் நுனியில் இருக்க வேண்டிய இடைவெளியை ஒரு காலணாக் காசை வைத்து அளந்து, கல்லால் லேசாகத் தட்டிச் சரி செய்திருந்தார், நாலையும். அது போதாதென்று கார்புரேட்டர் திருகை அரைச் சுற்று. எதற்கு அரைச் சுற்று என்று கேட்டேன். "முழுச் சுத்து சுத்துனா நீ திட்டுவ" என்றார்.

அன்றைக்குத்தான் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். கோளாறு சிலிண்டரில் இல்லை. கோளாறு கோட்டு போட்டுக்கொண்டு எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. சேவியர் அண்ணனும் அதையே சொன்னார். "வாத்தியாரே, இவரு கைய வச்சிக்கிட்டு நான் எந்த வண்டியையும் சரி பண்ண முடியாது. உங்க சாமி மேல ஒரு சத்தியம் வாங்குங்க."

குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கு அவரை அழைத்துப்போனோம். தெளிவான நாளில் அங்கிருந்து பார்த்தால் கீழே பழனிமலை தெரியும். அன்று தெரியவில்லை. வெறும் பனி. சூடத்தின் மேல் கையை வைத்து, "இனிமே இன்ஜின்ல ஸ்பானர் வைக்க மாட்டேன், காசு வைக்க மாட்டேன், கல்லு வைக்க மாட்டேன்" என்றார். கையை எடுத்தவர், அணையப்போன சூடத்தை விரலால் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். அவ்வளவு நேரம் சும்மா இருந்ததே அந்தக் கைகளுக்குப் பெரிய காரியம்.

அதன் பிறகு அவர் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். காருக்குப் பக்கத்தில் வந்தால் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்வார். போலீஸ்காரர் பிடித்துப்போகும் ஆள் மாதிரி இருக்கும். கைகள் வேறு சோலி தேடின. சித்தி பின்னிய கம்பளிச் சட்டையில் ஒரு நூல் நீட்டியிருக்கிறதென்று இழுத்து, ஒரு கை முழுவதையும் பிரித்துவிட்டார். செவ்வாயும் வெள்ளியும் வெள்ளனே குளித்துவிட்டுக் காருக்குப் பூசை போடுவார். அதை மட்டும் நாங்கள் தடுக்கவில்லை. பூசையை யார் தடுப்பார்கள்?

பிறகு என் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

நாயுடுபுரத்துக்கு மேற்கே, ஒரு உருளைக்கிழங்கு குடோனில் நடந்த ஓராசிரியர் பள்ளி அது. ஆசிரியர் நான், தலைமையாசிரியர் நான், கூட்டிப் பெருக்குகிறவன் நான். சரிவுத் தோட்டங்களில் சிதறிக் கிடக்கும் வீடுகளிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். வாசலில் சங்கிலியில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதுதான் மணி. சித்தப்பா அந்தப் பக்கமாகப் போனால் போதும், சுத்தியலை எடுத்து டண், டண், டடண் என்று ஒரு தாளத்தில் அடிப்பார். பாதிப் பாடத்தில் பிள்ளைகள் எழுந்து ஓடுவார்கள். ஏனென்றால் அவர் கோட்டுப் பையில் பொரிகடலை இருக்கும். ஆளுக்கு ஒரு பிடி கொடுப்பார். இரண்டாம் வாரம் நிலைமை எப்படி ஆயிற்றென்றால், நான் அடிக்கிற மணிக்குப் பிள்ளைகள் ஆடி அசைந்து வந்தார்கள். அவர் அடிக்கிற மணிக்கு வரப்பைத் தாண்டிப் பறந்து வந்தார்கள்.

"இது பள்ளிக்கூடம் சித்தப்பா. மணியத் தொடாதீங்க."

"சரிலே. தொடல."

"கோயில்ல சொன்ன மாதிரி சொல்லுங்க."

"ஒனக்கும் ஒரு சத்தியமா? வாத்தியாராயிட்டா ஆளுக்கொரு சத்தியம் கேப்பியாலே?" என்றவர், கடைசியில் செய்தும் கொடுத்தார்.

இத்தனைக்கும் கார் சரியாகவில்லை. சத்தியம் செய்த மறுவெள்ளியே இரண்டு சிலிண்டர் போயின. முன்னைவிட மோசம். சேவியர் அண்ணன் காயிலை மாற்றினார். மறுசெவ்வாய் மூன்று போயின. வாசலில் நின்று, அக்கம்பக்கம் கேட்கும்படி சொல்லிவிட்டேன்: "சாமி மேல பண்ணுன சத்தியத்தையும் பொய்யாக்கிட்டீங்க. ராத்திரியோட ராத்திரியா ஸ்பானர் எடுத்துருக்கீங்க."

அவர் இரண்டு கைகளையும் விரித்து ஒருமுறை பார்த்தார். "நான் ஸ்பானர் தொடலலே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். பொய் சொல்கிறவரின் குரலாக அது இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருவதாகக் கடிதம் வந்தது. எங்கள் பள்ளிக்கு இன்னும் அங்கீகாரம் கிடைக்கவில்லை. போன வருஷம் அவர் வரக் கிளம்பி, மலைப்பாதை வளைவுகளில் பஸ்ஸுக்குள்ளேயே வாந்தி எடுத்து, ஊத்து நிறுத்தத்தில் இறங்கி, அடுத்த பஸ்ஸில் கீழே போய்விட்டார். "பார்வையிட இயலவில்லை" என்று எழுதிவிட்டார். இந்த வருஷமும் அப்படியே எழுதினால் பள்ளியை மூடிவிடுவார்கள். என் முதல் வேலை போகும். அது கிடக்கட்டும். அந்தச் சரிவுப் பிள்ளைகள் வேறு பள்ளிக்கு மலையேறி நடக்கப் போவதில்லை. பூண்டுப் பாத்திக்குத்தான் போவார்கள். என் அப்பா போனது போல.

ஆகவே, "பஸ் வேண்டாம், எங்கள் வீட்டுக் காரில் மெதுவாக அழைத்து வருகிறோம்" என்று நான் பதில் எழுதிவிட்டேன். எழுதிப் போட்ட பிறகுதான் காரின் லட்சணம் நினைவுக்கு வந்தது.

வரும் நாள் ஒரு செவ்வாய். திங்கள் மாலை சேவியர் அண்ணன் நாலு புதுப் பிளக்கும் போட்டு, டவுனை ஒரு சுற்று சுற்றி வந்தார். "இப்ப ரோஜாப்பூ மாதிரி ஓடுது. நாளைக்கு நின்னா நான் இந்தத் தொழிலை விட்டுர்றேன் வாத்தியாரே."

செவ்வாய் விடியலில் சித்தப்பா குளித்து, பூசை முடித்து, கார் முகப்பில் பட்டை பட்டையாகத் திருநீறோடு என்னை ஏற்றினார். ஓட்டுவது அவர்தான். பள்ளியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சித்தியை உட்கார்த்தி வைத்திருந்தேன். கீழே இறங்கும்போது இன்ஜினுக்கு வேலையே இல்லை. கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனில் வெயில் காய்ந்தது. இன்ஸ்பெக்டர் இறங்கினார். மெலிந்த மனிதர், நெற்றி நிறையத் திருநீறு, கையில் ஒரு எலுமிச்சம்பழம். ஒவ்வொரு வளைவுக்கும் அதை முகர்ந்துகொண்டு வந்தார்.

ஊத்து வரை கார் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. ஊத்து தாண்டியதும் பனி வந்தது. ரோட்டின் குறுக்கே வெள்ளை வேட்டி காயப்போட்டது போல. இரண்டு வளைவு போயிருப்போம். கார் உடம்பை உதறியது. ஒன்று போனது. அடுத்த வளைவில் இன்னொன்று. சித்தப்பா கியரைக் குறைத்தார். மூன்றாவதும் போயிற்று. ஏற்றத்தின் நடுவில் கார் நின்றது. சேவியர் அண்ணனின் தொழில் அந்த வளைவில் முடிந்தது.

"என்ன சார்?" என்றார் இன்ஸ்பெக்டர், எலுமிச்சம்பழத்துக்குப் பின்னாலிருந்து.

"ஒண்ணுமில்ல சார். அஞ்சு நிமிஷம்."

பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்தேன். சித்தப்பா கைகளை முதுகில் கோத்துக்கொண்டு நின்றார். இன்ஜினைக் கிளப்ப அவரை முன்னால் ஹேண்டில் சுற்றச் சொன்னேன். அதற்கு மட்டும் கைகளை அவிழ்த்தார். இன்ஜின் குடுகுடுவென்று நொண்டியது. பானெட்டைத் தூக்கி, வயர்களைக் கழற்றக் குனிந்தேன். மதியம் ஒரு மணிக்குப் பனி அந்த இடத்தை அந்தி போல இருட்டாக்கியிருந்தது. அந்த இருட்டினால்தான் தெரிந்தது. முதலாம் பிளக்கின் வெள்ளைப் பீங்கான் உடம்பின் மேல், உச்சியிலிருந்து அடி இரும்பு வரை, நீல எறும்புகள் ஊர்ந்து இறங்கின. மூன்றாவதிலும். நாலாவதிலும். உள்ளே போய் வெடிக்க வேண்டிய தீப்பொறி வெளியிலேயே வழிந்து போய்க்கொண்டிருந்தது.

இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு, இன்ஸ்பெக்டருக்காக வாங்கியிருந்த என் புதுக் கைக்குட்டையால் பிளக்கைத் துடைத்தேன். குழகுழவென்று சாம்பல் நிறத்தில் ஒட்டி வந்தது. முகர்ந்தேன்.

பழனி மணந்தது.

"சித்தப்பா. இது என்னது?"

"திருநீறு."

"யாரு வச்சது?"

"நாந்தான். வேற யாரு வைப்பா?"

"எத்தன நாளா?"

"வாங்குன நாள்லேருந்துதாம்லே. மொதல்ல வெறுங்கையில தொட்டு வச்சேன். சத்தியம் பண்ணுன பெறவு நல்லாத் தண்ணி விட்டுக் கொழச்சு மூணு மூணு பட்டையாப் போட்டேன். வேற ஒண்ணும் செய்ய விடல நீங்க. சாமியவாச்சும் கூப்பிடணும்ல? இன்னைக்குப் பெரிய சோலின்னு கொஞ்சம் தூக்கலாவே போட்டுருக்கேன்."

வெள்ளைப் பீங்கானில் வெள்ளைத் திருநீறு. எங்கள் யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் பிளக்கின் நுனியைத்தான் பார்த்தோம். உடம்பைச் சேவியர் அண்ணன் தன்னை அறியாமலே துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தார். பீங்கான் பகுதி சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும் என்று கைப்புத்தகத்தின் அந்தப் பக்கத்திலேயே முதல் வரியாகப் போட்டிருந்தது. நானே வாசித்தேன். இதெல்லாம் ஒரு காரணமா என்று அடுத்த வரிக்குப் போனவனும் நானே.

"இன்ஜினத் தொட மாட்டேன்னு சொன்னீங்க!"

"ஸ்பானர் தொட மாட்டேன்னு சொன்னேன். தொட்டேனா? காசு தொட மாட்டேன்னேன். தொட்டேனா? சொல்லுலே. ஊரு கேக்கப் பொய்க்காரன்னியே, தொட்டேனா?"

கார்க்கதவு திறந்தது. இன்ஸ்பெக்டர் இறங்கி வந்து என் கைக்குட்டையைப் பார்த்தார். அவர் நெற்றியிலும் அதே மூன்று பட்டை.

"திருநீறு பூசினதால வண்டி நிக்குதுன்னு சொல்றீங்களா, வாத்தியார்?"

ஆமாம் என்றால் அவர் மனம் கோணும். இல்லை என்றால் பிளக்கைத் துடைக்க முடியாது. "பூசினது தப்பில்ல சார்... ஈரம் பட்டா கரண்டு அது வழியா வழிஞ்சிருது. பனி இல்லாட்டி ஒண்ணும் செய்யாது..." என்று என்னவோ சொன்னேன். வகுப்பில் பாடம் தெரியாத பையன் இப்படித்தான் இழுப்பான்.

சித்தப்பா மெல்ல மப்ளரை அவிழ்த்தார். என்னை நகரச் சொல்லிவிட்டு, நாலு பிளக்கையும் ஒவ்வொன்றாகத் துடைத்தார். சூடு தாங்காமல் "உஸ்... உஸ்" என்றார். மப்ளரில் ஒட்டிய திருநீறு கீழே சிந்தாமல் இரண்டு விரலால் வழித்து, தன் நெற்றியில் பூசிக்கொண்டார். மீதி விரலில் இருந்தது. அதை இன்ஸ்பெக்டர் பக்கம் நீட்டினார்.

"நீங்களும் வச்சிக்கோங்கய்யா. கீழ போடக் கூடாது."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது இன்ஸ்பெக்டர் தலையைக் குனிந்து கொடுத்திருந்தார். இருந்த பட்டைக்கு மேலே, கொஞ்சம் இன்ஜின் எண்ணெயோடு, இன்னொரு பட்டை.

"இப்பச் சுத்துலே, வெரசா."

சுற்றினேன். நாலு பேரும் ஆஜர்.

பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது மூன்றரை தாண்டிவிட்டது. குடோன் வாசலில் சித்தி ஒன்பது பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள். "எம்புட்டு நேரந்தான் பிடிச்சு வைக்கிறது? குளுருல நடுங்குச்சுக, போங்கன்னுட்டேன்" என்றாள். மூடுபனியில் எதிர்ச்சரிவே தெரியவில்லை. பிள்ளைகள் அதற்குள் எங்கே கிடக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

இன்ஸ்பெக்டர் பதிவேட்டைத் திறந்தார். "முப்பத்தோரு பேர் எழுதியிருக்கீங்க. நான் பாக்கிறது ஒன்பது பேர். குறைஞ்சது இருபத்தஞ்சு பேரைக் கண்ணால பாக்காம நான் எழுத முடியாது, வாத்தியார். அஞ்சு மணிக்குக் கடைசி பஸ், உங்க காரை இனி நம்ப முடியாது. எலுமிச்சம்பழத்துல வாசனையும் தீர்ந்துபோச்சு."

நான் ஓடிப்போய் மணியை அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். பனிக்குள்ளிருந்து ஒருவரும் வரவில்லை. பள்ளி விட்ட பிறகு வாத்தியார் மணி அடித்தால் எந்தப் பிள்ளை வரும்?

சித்தப்பா குடோன் சுவரோரம் நின்றிருந்தார். கைகள் முதுகில் கோத்திருந்தன. மணியைத் தொட மாட்டேன் என்று எனக்குச் செய்த சத்தியத்தை அவர் மறக்கவில்லை. விரல்கள் மட்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டின. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவ்வளவு எரிச்சலிலும் எனக்கு வேறு வழி தோன்றவில்லை.

சுத்தியலை நீட்டினேன். "அடிங்க சித்தப்பா."

"சத்தியம்?"

"நான் வாங்குனது. நானே திருப்பித் தாரேன். அடிங்க."

"அப்ப ஒரு கை பாத்துருவோமா?" என்றார்.

டண், டண், டடண். டண், டண், டடண்.

முதலில் ஒரு நாய் வந்தது. பிறகு பனிக்குள் காலடிச் சத்தம். வரப்பில் தாவி, வேலிக்குள் நுழைந்து, ஒருத்தி இடுப்பில் தம்பியோடு, ஒருவன் பாதிச் சாப்பாட்டுக் கையோடு. எல்லோரும் நேராக அவர் கோட்டுப் பைக்குத்தான் வந்தார்கள். அன்று பை காலி. "நாளைக்கு! நாளைக்கு மூட்டையோட தாரேன்! மொதல்ல அய்யாவுக்கு வணக்கம் சொல்லுங்க!" என்று அடித்துக்கொண்டே கத்தினார். இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். இருபத்தேழு. பேனாவைத் திறந்து, "அங்கீகரிக்கலாம்" என்று எழுதிக்கொண்டிருந்தபோது நான் போதும் போதும் என்று கையைக் காட்டினேன். சித்தப்பா கடைசியாக ஒன்று, தூக்கலாக, வைத்தார். சங்கிலி அறுந்து, தண்டவாளம் இன்ஸ்பெக்டரின் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.

அன்று மாலை சித்தியிடம் திருநீற்று விஷயத்தைச் சொன்னேன். "தெரியுமே" என்றாள். "நாந்தான கிண்ணத்துல கொழச்சுக் குடுப்பேன். ஏன், நீங்க யாரும் கேக்கலயே?"

அதன் பிறகு திருநீறு பானெட்டுக்கு வெளியே மட்டும்தான் என்று இன்னொரு சத்தியம் வாங்கினேன். கார் மூடுபனியில் நின்றதாக எனக்கு நினைவில்லை. பொய்க்காரர் என்று வாசலில் வைத்துச் சொன்னதற்கு நான் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அவரும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. மறுநாள் என் பேனாவின் முள்ளைச் சரி செய்து தருகிறேன் என்று வாங்கிப்போனார். கொடுத்தேன். அது இன்றுவரை எழுதவில்லை.

அந்த ஐப்பசி, கார்த்திகையில் அந்த மூன்று பட்டையைக் கண்டுபிடிக்க எங்கள் குடும்பத்துக்கு ஆன செலவு: எட்டு பிளக், வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, கண்டன்சர், காயில், தொழிலை விடாத சேவியர் அண்ணனின் கூலி, என் கைக்குட்டை, பள்ளிக்கூட மணிக்குப் புதுச் சங்கிலி, சொன்னபடியே மறுநாள் வந்து இறங்கிய அரை மூட்டைப் பொரிகடலை எல்லாம் சேர்த்து நூற்று இருபத்தொன்பது ரூபாய் ஆறணா. திருநீறு தனி. அது பொட்டலம் ஓரணா.